ஓமந்தைச் சாவடியும் வன்னியின் வாக்குரிமையும்

டொனமூர் அரசியலமைப்பு 1931இல் இலங்கைக்கு வழங்கிய சர்வசன வாக்குரிமை, அதாவது வயதுவந்தோர் அனைவருக்குமான வாக்குரிமை, வன்னிப் பெருநிலத்தில் சட்டத்தால் அன்றிப் பாதையாலேயே பிற்காலத்தில் தடைப்பட்டது. 2001 டிசம்பர் 5ஆம் திகதி நடந்த பொதுத்தேர்தலன்று, தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து அரச பகுதிக்குள் வந்து வாக்களிக்க வேண்டியவர்கள், படையினர் சாவடிகளை மூடியதால் திரும்ப நேர்ந்தது. வாக்களிப்பும் கருத்து வெளிப்பாடே என்ற அடிப்படையில், அவர்களது உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது.

2002 போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தையில் படையினரின் சாவடியும் அப்பால் புளியங்குளத்தில் புலிகளின் சாவடியும் அமைந்தன. 2004 ஏப்ரல் தேர்தலில், பல ஊர்களின் வாக்குச்சாவடிகளை அரச பகுதியில் ஓரிடத்தில் திரட்டிய ‘கொத்தணி வாக்களிப்பு’ முறை கையாளப்பட்டது. அது உரிமையைத் தந்ததா, பயணச் சுமையாக்கியதா என்பது விவாதத்துக்குரியதே.

ஆனால் பாதை திறந்திருப்பது மட்டும் போதவில்லை. 2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில் கிளிநொச்சித் தொகுதியில் ஒரேயொரு வாக்கே பதிவானது; புலிகள் இதை மக்களின் அக்கறையின்மை என்றனர், ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளரோ திணிக்கப்பட்ட புறக்கணிப்பு என்றனர். தடை இருபுறத்திலிருந்தும் வந்தது என்பதை எப்பக்கச் சார்பாளரும் எளிதில் ஒப்புவதில்லை.

போர் 2009இல் முடிந்தும் ஓமந்தைச் சாவடி நீடித்து, 2015 ஆகஸ்ட் இறுதியிலேயே அகற்றப்பட்டது.