பாயிண்டில் தடம் புரளல் (மாதிரி ரயில்)

தண்டவாளம் இரண்டாகப் பிரியும் பாயிண்டில் மாதிரி ரயிலின் சக்கரம் பாதையை விட்டு இறங்கிவிடுவது. மாதிரி செய்ய முதலில் நிஜப் பாதையின் அகலம் தெரிய வேண்டும். மலாயாவின் முதல் ரயில்பாதை பேராக்கில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டு, 1885 ஜூன் 1-இல் திறக்கப்பட்டது. அன்று போட்டதும் இன்று ஈப்போ வழியே செல்வதும் 1,000 மி.மீ. அகலமுள்ள மீட்டர் கேஜ். 1:87 அளவில் அது சுமார் 11.5 மி.மீ. ஆகும்; எனவே பேராக் ரயிலை மாதிரியாக்குவோருக்கு 12 மி.மீ. பாதையே பொருந்தும்.

தடம் புரள வைக்கும் கோளாறு பெரும்பாலும் பாயிண்டில் நகரும் நாக்குத் தண்டவாளத்தின் நுனியில்தான். அது பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டாமல் மயிரிழை விலகினாலும் சக்கர விளிம்பு இடுக்கில் புகுந்துவிடும். அங்கே சிக்க ஒரு ஜல்லித் துகள் போதும். விரல் நகத்தை நுனியின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள்: கண்ணுக்குத் தப்பிய பிசிறு நகத்தில் தட்டும்.

ஒரே பெட்டி எல்லாப் பாயிண்டிலும் இறங்கினால் அதன் இரு சக்கரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். எல்லாப் பெட்டிகளும் ஒரே பாயிண்டில் இறங்கினால் குறை பாயிண்டில். ஈரக்காற்றில் அடிப்பலகை உப்பிப் பாதை முறுகுவதும் உண்டு. நேர்கோல் வைத்தால் தெரிந்துவிடும். அரத்தைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். தேய்த்த நுனியை மீட்க முடியாது.