ஆணையிட்டவர் விடுதலை, வினவியவர் குற்றவாளி

1929ஆம் ஆண்டு, மணிலாவில் ஒரு டான்சில் அறுவை சிகிச்சை. மருத்துவர் கேட்க எண்ணியது புரோக்கைன், சொன்னது கோக்கைன். தலைமைச் செவிலியர் லொரென்சா சொமெரா, ஆணையை மருத்துவரிடமே வினவி உறுதிப்படுத்திக்கொண்டு மருந்தைக் கலந்து கொடுத்தார். ஊசியைச் செலுத்தியவர் மருத்துவர். நோயாளி வலிப்புக் கண்டு இறந்தார். வழக்கில் மருத்துவர்கள் விடுவிக்கப்பட்டனர். சொமெராவுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. செவிலியர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. சிறை புகுமுன்பே அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது.

ஆணையை நிறைவேற்றியதாகச் சொல்வது செவிலியருக்குக் காப்பாகாது என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது. பிழையை அறிந்து தடுக்கும் பொறுப்பு அவர்மேல் ஏறியது. அதற்குரிய அதிகாரம் மட்டும் உடன் வரவில்லை.

இந்த இடைவெளியை அமெரிக்க மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்லிங் குழுவினர் 1966இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. முன்பின் அறியாத 'மருத்துவர்' ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஒரு நோயாளிக்கு 20 மில்லிகிராம் 'அஸ்ட்ரோடென்' தரச் சொன்னார். புட்டியின் மேல் உச்ச அளவு 10 மில்லிகிராம் என்றிருந்தது. தொலைபேசி வழி ஆணையை ஏற்பதும் விதிக்குப் புறம்பானது. ஆயினும் 22 செவிலியருள் 21 பேர் மருந்தைக் கொடுக்க முற்பட்டனர்; இடையில் தடுக்கப்பட்டனர். இதே சூழலை எழுத்தில் விவரித்துக் கேட்டபோது, வேறு 12 செவிலியருள் 10 பேர் மறுத்திருப்போம் என்றனர். அறிவு இருந்தது, கட்டளைக் குரலின் முன் அது செயலாகவில்லை.

அடுத்த ஆண்டே லியோனார்ட் ஸ்டைன் இவ்வுறவை ஒரு 'விளையாட்டு' என விளக்கினார். செவிலியர் ஆலோசனை சொல்லலாம். ஆனால் அது மருத்துவருக்கே தோன்றிய எண்ணம்போல் அமையவேண்டும்.

1977இல் ரேங்க், ஜேக்கப்சன் இருவரும் ஆய்வைச் சற்று மாற்றி நடத்தினர். மருந்து பழகியது; மருத்துவர் அறிந்தவர்; சக செவிலியரைக் கலந்துகொள்ளவும் இடமிருந்தது. இப்போது மிகை அளவைக் கொடுக்க முற்பட்டோர் 18 பேரில் இருவரே. எனவே 1966இன் கீழ்ப்படிதலைச் செவிலியரின் இயல்பெனக் கொள்வது பொருந்தாது; அது பணிச்சூழலின் விளைவு.

இந்தியாவில், மருந்துப் பெயரைத் தெளிவாகவும் இயன்றவரை பெரிய எழுத்துகளிலும் எழுதவேண்டும் என 2016இல் மருத்துவக் கவுன்சில் விதி திருத்தியது. எழுதும் கையை அவ்விதி நெறிப்படுத்துகிறது. நள்ளிரவில் வார்டில் நின்று, ஐயம் தீரும்வரை மருந்தை நிறுத்திவைக்கும் செவிலியருக்கு நிர்வாகம் துணைநிற்குமா என்பது வேறு வினா. சொமெரா வழக்கு எழுப்பியதும் அவ்வினாவையே.