தேக்குப் பெட்டியும் பூஞ்சணமும்

விக்டோரியா மகாராணியாரின் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் வந்த உத்தியோகஸ்தர்களின் மகாகனிப் புகைப்படப் பெட்டிகள், மழைக்கால ஈரத்தில் பலகை உப்பி, விலங்குப் பசை இளகி, மூட்டுவிட்டு நிற்பது சகஜமாயிருந்தது. ஆகவே உஷ்ணப் பிரதேசங்களுக்கென்றே, இயற்கையில் எண்ணெய் ஊறிய தேக்கில் பெட்டி செய்து, பசையை மட்டும் நம்பாது மூலைகளில் பித்தளைத் தகடு பதித்துத் திருகாணி முடுக்கி, துருத்தியைப் பூச்சி அண்டாதபடி பூர்ஜமரத் தைலம் ஊட்டிய ருஷ்யத் தோலால் அமைத்து, ‘ஸாண்டர்ஸன்’ முதலிய பெயர்களில் விற்கலாயினர். இன்று சேகரிப்போர் அலங்காரமென்று வியக்கும் அப்பித்தளை, உண்மையில் பெட்டி பிழைத்திருப்பதற்காக வந்தது.

1925-இல் லைக்கா சந்தைக்கு வந்தபின் உலோகக் காமிராக்கள் பெருகின. மூட்டுவிடும் கவலை ஒழிந்தது. ஆனால் சத்துரு கண்ணாடிக்குள் புகுந்தது. லென்ஸின் உள்முகத்தில் சிலந்தி நூல்போல் வெண்மையாய்ப் படரும் பூஞ்சணம், துடைத்தால் அகலுமெனினும், அது கசியவிட்ட அமிலம் மேற்பூச்சை அரித்த வடு அகலுவதில்லை. விசித்திரம் யாதெனில், பத்திரமாயிருக்கட்டுமென்று தோலுறையிலிட்டு இருண்ட அலமாரியில் பூட்டப்பட்ட காமிராவே முதலில் கெட்டது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தோலும், காற்றும் வெளிச்சமும் புகாத இருளும் பூஞ்சணத்துக்கு உகந்தவை. நாள்தோறும் வெயிலில் எடுத்துப் புழங்கப்பட்டதோ, கீறலும் தேய்வுமாக, படம் பிடித்துக்கொண்டே இருந்தது.