நிலவேம்புக் குடிநீர் ஆய்வுகள், பொதுமக்கள் புரிதல்

நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு, பற்படாகம் உள்ளிட்ட ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருத்துவக் கசாயம் நிலவேம்புக் குடிநீர். 2005இல் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் தென்சென்னைப் புறநகர் முகாம்களும் காய்ச்சல் காலங்களில் இதை வழங்கிவந்துள்ளன.

2017 டெங்குப் பரவலின்போது, இது மலட்டுத்தன்மை தரும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. ஆய்வு முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன் தம் இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டார். அச்சத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை எலி ஆய்வுகள். 1990இல் வெளியான அத்தகைய ஆய்வொன்றில் ஆண் எலிகளுக்கு நிலவேம்பு இலைப்பொடி நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 60 நாட்கள் தரப்பட்டது. விந்தணு உற்பத்தி தடைப்பட்டது. எலியின் எடை சுமார் 200 கிராம் என்று கொண்டால், 60 கிலோ மனிதருக்கு எடைக்கணக்கில் இது தினம் 6 கிராம் பொடி. சில நாட்கள் அருந்தும் ஒன்பது சரக்குக் கசாயம் முற்றிலும் வேறு பொருள். 1997இல் வெளியான மற்றோர் எலி ஆய்வு, நிலவேம்புச் சாற்றை இன்னும் உயர்ந்த அளவில் 60 நாட்கள் கொடுத்தும் விரைப்பாதிப்பு காணவில்லை. வாட்ஸ்அப் செய்திகள் இதைச் சொல்லவே இல்லை, பெருங்குறை அதுதான்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. ஆய்வகத்தில் நிலவேம்பால் வைரஸ் பெருக்கம் குறைந்ததை, நோயாளி குணமானதாகவே பலர் வாசித்தனர். 2020இல் மற்றொரு சித்த மருத்துவக் கசாயமான கபசுரக் குடிநீர் பற்றிய கணினி மூலக்கூறு ஆய்வுகளும் இவ்வாறே கொரோனாவுக்கான மருந்துச் சான்றாகப் பகிரப்பட்டன.