தொட்டித் தண்ணீரும் இரண்டு வாரிங்டன்களும்

என்னடா இது, வட்டி விகிதம், வீட்டுக் கடன் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று மீன் தொட்டிக்குள் இறங்கிவிட்டான் என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

புனேவுக்கு மாற்றலாகி வந்த புதிது. நாய்க்குட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்த மகளிடம் பேரம் பேசி, ஐம்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி, நான்கு தங்கமீன் என்று இறக்கிக் கொண்டுவந்தேன். புதுப் பள்ளியில் மராத்தியும் புரியாமல், இந்தியும் வராமல் திண்டாடிக்கொண்டிருந்த குழந்தை. சாயங்காலம் வந்ததும் அன்றைய கதையை எல்லாம் தமிழில் கொட்டுவது அந்த நான்கிடமும்தான். நானும் பொறுப்பான அப்பாவாக ஞாயிறுதோறும் தொட்டியைக் காலி செய்து, கூழாங்கல், ஃபில்டர் ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் பளபளவென்று கழுவி வைப்பேன். மூன்றாவது வாரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தே நாளில் நான்கும் போய்விட்டன.

"நீங்கதானேப்பா கழுவினீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

பி.காம். படித்தவனுக்கு வேதியியல் தூரம்தான். ஆனால் கணக்கு இடித்தால் எங்கே இடித்தது என்று பார்க்காமல் தூக்கம் வராதே. தேடப் போன இடத்தில் ஒரு அப்பா, மகன் கதை கிடைத்தது.

அப்பா பெயர் ராபர்ட் வாரிங்டன். லண்டனில் மருந்து தயாரிப்போரின் சங்கமான அப்பாத்திகரீஸ் ஹாலில் வேதியியலாளர். 1849-ல் பன்னிரண்டு காலன், அதாவது சுமார் 54 லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடிக் கலத்தில் (கிட்டத்தட்ட என் தொட்டியின் அளவு!) ஊற்று நீர், மணல், கொஞ்சம் சேறு, கற்கள் போட்டு, இரண்டு சின்னத் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டார். மீன் வெளியே விடும் கரியமில வாயு செடிக்கு வரவு, செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு வரவு. இரட்டைப் பதிவுக் கணக்கு மாதிரி இரண்டு பக்கமும் நேராகிவிடும், தண்ணீரே மாற்ற வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

நேராகவில்லை. செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. வாரிங்டன் என்னைப் போல எல்லாவற்றையும் கொட்டிக் கழுவவில்லை. குளத்து நத்தைகள் ஐந்தாறைப் பிடித்து உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் மேய்ந்தன, அவற்றின் முட்டைகள் மீனுக்குத் தீனியாயின, தண்ணீர் தெளிந்தது. இதை 1850-ல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் அறிவித்தார். 1853-ல் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலையில் மீன் வீடு திறந்தது. 1854-ல் பிலிப் கோஸ் எழுதிய 'தி அக்வேரியம்' வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? மத்தியதர இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் எல்லாம் தொட்டி.

ஆனால் பல வீடுகளில் சில வாரத்தில் தண்ணீர் பச்சைக் குழம்பு. நாலு பக்கமும் கண்ணாடி என்றால் நாலு பக்கமும் வெளிச்சம் நுழையும். பாசிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வெயில் விழுகிற ஜன்னலை ஒட்டித் தொட்டி வைத்த எல்லோருக்கும் இது தெரியும். இதில் மண்டையை உடைத்துக்கொண்டவர் வில்லியம் அல்ஃபர்ட் லாயிட். லண்டனில் தொட்டிக் கடை நடத்தி நொடித்துப் போனவர். (கடன் கொடுத்த பேங்க்காரனை நினைத்துக்கொண்டேன்!) எட்வர்ட்ஸ் என்பவர் தொட்டியின் பின்னால் ஒரு இருட்டறை வைத்து, வெளிச்சத்தில் இருக்கும் நீர் அங்கே போய்த் திரும்புகிற மாதிரி ஒரு அமைப்பு செய்திருந்தார். லாயிட் அதைப் பிரமாண்டமாக்கினார். 1871-ல் திறந்த கிரிஸ்டல் பேலஸ் காட்சிசாலையில், பார்வைக்கு இருக்கும் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டு நீர்த்தேக்கம் தரைக்கடியில். நீராவி பம்ப் கடல்நீரை ஓயாமல் சுற்ற வைத்தது. இருட்டில் பாசி வளராது. அவ்வளவுதான் சூட்சுமம்.

என் மீன்களைக் கொன்றது பாசி இல்லையே? அதற்குத்தான் மகன் வருகிறார். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். அப்பா அந்தத் தொட்டியை அறிவித்தபோது பையனுக்கு வயது பதினொன்று.

1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியாகச் சாக்கடை நீரை ஊற்றிப் பார்த்தார்கள். சுமார் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஊற்றியதும் நின்றுபோனது. அப்படியென்றால் இது உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் மகன் வாரிங்டன் இதையே கையில் எடுத்து, வேலை இரண்டு படிகளில் நடக்கிறது, ஆள்களும் வேறு வேறு என்று காட்டினார். முதல் ஆள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவார், அடுத்தவர் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவார். பல வருடம் முயன்றும் அந்த ஆள்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890-ல் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி பிரித்துவிட்டார்.

மகன் ஆராய்ந்தது வயல் மண்ணை. மீன் தொட்டியை அல்ல. ஆனால் அப்பாவின் பேரேட்டில் விடுபட்ட பதிவு அதுதான் என்பது என் கட்சி. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது விஷம், நைட்ரைட்டும் விஷம்தான். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, செடிக்கு (பாசிக்கும்தான்) உணவு. அப்பாவின் மணலிலும் சேற்றிலும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத குமாஸ்தாக்கள் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பார்கள். பெயர் கிடைத்ததெல்லாம் செடிக்கும் நத்தைக்கும்!

என் வீட்டில் அவர்கள் குடியேறும் இடம் ஸ்பாஞ்சும் கூழாங்கல்லும். புதுத் தொட்டியில் அவர்கள் பெருகச் சில வாரம் பிடிக்கும். நான் வாராவாரம் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவி, சேர்ந்த கொஞ்ச நஞ்சத்தையும் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஐம்பது லிட்டருக்கு நான்கு தங்கமீன் என்பதும் அதிகம்.

இரண்டாம் முறை மீனே இல்லாமல் ஆறு வாரம் தொட்டியை ஓட்டினேன். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும், அது அழுகி அம்மோனியா கொடுக்கட்டும் என்று. "காலித் தண்ணிக்குச் சோறு போடற ஒரே ஆளு நீங்கதான்" என்றாள் தங்கமணி. பிறகு சின்னக் கப்பி மீன்கள் ஆறு வந்தன. நடுவில் ஒரு தடவை தண்ணீர் பச்சையானபோது, மருந்து எதுவும் ஊற்றாமல் நான்கு நாள் கறுப்புப் போர்வை போர்த்தி, காற்று பம்பை மட்டும் ஓடவிட்டு, பின் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினேன். லாயிடின் இருட்டு வேலை செய்தது. இப்போது விளக்கு தினம் ஏழு மணி நேரம்தான். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே லேசாகப் பிழிந்து வைப்பதோடு சரி.

போன மாதம் அடுத்த மாற்றல் ஆணை வந்துவிட்டது. நாக்பூர். மீன்களைப் பக்கத்து வீட்டு மராத்திக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுவதாக மகளே முடிவு செய்தாள். ஸ்பாஞ்சை மட்டும் தர மாட்டேன் என்றாள். பழைய தண்ணீர் பாதி ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அது ரயிலில் வந்தது. மூச்சு முட்டுமே என்று ராத்திரி அவள் அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததை மேல் பெர்த்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.