தானமாக வந்த விழித்திரையும் வளர்த்தெடுத்த விழித்திரையும்

கண் தானத்தில் அடுத்தவருக்குப் பொருத்தப்படுவது கருவிழி. விழித்திரையை அப்படிப் பொருத்த வழியில்லை. ஆனால் குடும்பத்தார் சம்மதித்தால் புது மருந்துகளைச் சோதிக்க அது உதவும். அதே வேலைக்கு இன்னொன்றும் வந்துவிட்டது: நோயாளியின் தோல் அல்லது ரத்தச் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றி, ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கும் ஆர்கனாய்டு என்ற குட்டி விழித்திரை.

தானத் திசு முழுமையானது. எலிக்கு இல்லாத மேக்குலா என்ற மையப் பகுதி அதில் உண்டு; முதியவருடையது என்றால் எழுபது ஆண்டுத் தேய்மானமும் உண்டு. ஆனால் ரத்த ஓட்டம் நின்றதுமே அது கெடத் தொடங்கும். 2022இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில், இறந்து 5 மணி நேரம் வரை கழித்துக் கிடைத்த கண்களிலும் ஒளியுணர் செல்கள் வெளிச்சத்தை உணர்ந்தன. அடுத்த செல்லுக்குச் சேதி மட்டும் போகவில்லை. 20 நிமிடத்துக்குள் எடுத்து, ஆக்சிஜன் ஊட்டிக் கொண்டுவந்த கண்களில்தான் அந்தத் தொடர்பு மீண்டது.

தானத் திசு கெடும் இந்தக் குறையே ஒருமுறை கைகொடுத்தது. தானத் திசுவை வளர்ப்பூடகத்தில் வைத்தால் ஒளியுணர் செல்கள் உயிரோடிருந்தும் குருடாகிவிடும். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற பார்வையிழப்பு நோய் உள்ள சிலரின் கூம்புச் செல்கள் என்ற ஒளியுணர் செல்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன. 2010இல் ஆய்வாளர் போடோண்ட் ரோஸ்கா குழுவினர், ஒளியால் இயங்கும் நுண்ணுயிர்ப் புரதத்தின் மரபணுவை தானத் திசுவின் அத்தகைய செல்களில் செலுத்தினர். அவை மறுபடி ஒளியை உணர்ந்தன.

ஆர்கனாய்டின் பலம் வேறு. நோயாளியின் மரபணுப் பிழை அதில் அப்படியே இருக்கும். வேண்டிய அளவு வளர்த்துக்கொள்ளலாம். பிறவிப் பார்வையிழப்பு தரும் சிஇபி290 மரபணுப் பிழையை எலியில் புகுத்தியபோது மனிதரில் நடப்பதுபோல் நடக்கவில்லை. அதனால் அந்தப் பிழைக்கான செபோஃபார்சென் மருந்தை ஆர்கனாய்டில் சோதித்தார்கள், செல்கள் திருந்தின. முதற்கட்டச் சோதனையில் சிலருக்குப் பார்வையும் கூடியது. ஆனால் 2022இல் பெரிய சோதனை இலக்கை எட்டவில்லை. செல் திருந்துவது வேறு, பார்வை திரும்புவது வேறு.

2020இல் பாசல் நகர ஆய்வாளர்கள் தானத் திசு, ஆர்கனாய்டு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். நன்கு வளர்ந்த ஆர்கனாய்டின் செல்கள், பெரியவர்களின் விழித்திரை ஓரத்துச் செல்களை ஒத்திருந்தன. மையத்து மேக்குலா அதில் உருவாவதில்லை. ரத்த நாளமும் முதுமையும் இல்லை.

ஆகவே பிறவிப் பிழைக்கான மருந்தை ஆர்கனாய்டில் தொடங்குவதே சரி. முதுமையின் மேக்குலா நோய்க்கு அது போதாது. அங்கே தானத் திசுவே வேண்டும். அந்தச் சோதனையின் தரமோ, கண்ணை எவ்வளவு சீக்கிரம் எடுத்தார்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.