மீட்டர் பலகையின் இரு பக்கம்: தாம்பரம் வட்டாரத்தில் மின்குறை அறிவிப்பின் வரலாறு

வீட்டு மின் இணைப்பில் குறை காணப்பட்டுள்ளது, குறித்த காலத்துக்குள் சீர்செய்யாவிட்டால் மின்சாரம் நிறுத்தப்படும் என்று எழுத்து மூலம் தெரிவிக்கும் அறிவிப்புக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட முன்கதை உண்டு. அதைத் தொடங்கிவைத்தவை தீக்காப்பீட்டு நிறுவனங்கள். லண்டனில் 1882-இல் ஃபீனிக்ஸ் காப்பீட்டு நிறுவனத்துக்காக மஸ்கிரேவ் ஹீஃபி வகுத்த மின்விளக்கு விதிகளும், அதே ஆண்டில் தந்திப் பொறியாளர் சங்கம் வெளியிட்ட விதிகளும் கட்டடம் தீப்பிடிக்காமல் காப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டிருந்தன. இந்தியாவில் 1887-ஆம் ஆண்டுச் சட்டம் உயிருக்கும் உடைமைக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தேடியது. அதை அடுத்து 1903-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்ற 1910-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டமும் வந்தன.

சென்னையின் தெற்குப் புறநகரில் மின்சாரம் முதலில் கண்ணில் பட்டது வீட்டு விளக்காக அன்று, ரயிலாகத்தான். தென்னிந்திய ரயில்வே 1931-இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் மின்ரயிலை ஓட்டியது. தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து நிறுவிய காசநோய் சானடோரியத்தை அரசு 1937-இல் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் கிறித்துவக் கல்லூரியும் சென்னையிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. மாகாண அரசு 1927-இல் மின்துறையை அமைத்திருந்தது; நகரத்துக்கு மின்சாரம் வழங்கிவந்த தனியார் நிறுவனத்தை அரசு 1947-இல் எடுத்துக்கொண்டது; 1957 ஜூலை முதல் நாள் மின்வாரியம் பிறந்தது. ரயிலில் நகருக்கு வேலைக்குச் சென்று திரும்பிய குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர்ப் பகுதிகளில் மனை வாங்கிக் கட்டிய வீடுகள் பெருகப் பெருக, அவ்வாரியத்தின் சர்வீஸ் வயர்களும் தெருத்தெருவாக நீண்டன.

அந்த வீடுகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு ஒன்றை வரைந்தவை 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள். கம்பத்திலிருந்து வரும் கம்பியும், மீட்டரும், அதை அடுத்துள்ள கட்-அவுட்டும் மின்சாரம் வழங்குபவரின் பொறுப்பு; அதற்குப் பின்னால் உள்ள மெயின் சுவிட்சு முதல் கடைசி பல்பு வரை வீட்டுக்காரரின் பொறுப்பு. கட்-அவுட் என்பது பீங்கான் கூட்டுக்குள் உருகுகம்பியை வைத்து, மின்னோட்டம் அளவு மீறினால் கம்பி உருகி இணைப்பு அறும்படி செய்த அமைப்பாகும். பழைய புறநகர் வீட்டுத் திண்ணைகளில் தேக்குப் பலகை மீது மீட்டரையும் அதற்குக் கீழே பீங்கான் ஃபியூஸ் கேரியர்களையும் வரிசையாக இன்னும் பார்க்கலாம். மீட்டர் மூடியின் திருகில் கோத்த மெல்லிய கம்பியில் ஈய முத்திரை தொங்கும். அந்த முத்திரையைத் தொடக்கூடாது என்பது ஊரறிந்த செய்தி. அதற்கு அப்பால் நடப்பதற்கெல்லாம் தானே பொறுப்பு என்பதை அறிந்த வீட்டுக்காரர் சிலரே.

அறிவிப்பின் சட்டப் பிறப்பிடம் இவ்விதிகளில் இரண்டு இடங்களில் உள்ளது. இணைப்புக் கொடுத்த அமைப்புகளை ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் மின் ஆய்வாளரோ, அரசு பணித்தால் மின்சாரம் வழங்குபவரோ சோதிக்க வேண்டும் என்றது 46-ஆம் விதி. சுட்டிக்காட்டிய குறையை உரிமையாளர் தவணைக்குள் நீக்காவிட்டால், குறைந்தது 48 மணி நேர எழுத்து அறிவிப்புக்குப் பின் ஆய்வாளரின் ஆணைப்படி இணைப்பைத் துண்டிக்கலாம் என்றும் அது கூறியது. மேல்முறையீட்டுக்கும் அதில் வழி இருந்தது. மின்கசிவு பற்றியது 49-ஆம் விதி. மின்கசிவு என்பது காப்புறை நைந்தோ ஈரம் ஏறியோ, மின்சாரம் தன் கம்பியை விட்டு நிலத்துக்கு வழி தேடுவது. கசிவு உண்டென்று நம்பக் காரணம் இருந்தால் சோதனைக்கு முன்னறிவிப்புத் தர வேண்டியிருந்தது. சோதனையில் காப்புத்தடை மிகக் குறைவாக இருந்தாலோ, சோதிக்கவே வீட்டுக்காரர் இடந்தராவிட்டாலோ அங்கும் 48 மணி நேர எழுத்து அறிவிப்புத் தந்தே மின்சாரத்தை நிறுத்த முடிந்தது. வாடிக்கையாளரைத் தண்டிக்கும் கருவியாகவே இந்த அறிவிப்பு நினைவில் நிற்கிறது என்றாலும், விதிகளைப் படித்தால் திடீரென்று இருட்டில் தள்ளப்படாமல் அவரைக் காப்பதும் அதன் வேலை என்பது தெளிவாகும்.

ஏட்டில் இருந்த இந்த ஒழுங்கு தெருவில் வேறு உருவம் கொண்டது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆள் அனுப்புவது எந்த அலுவலகத்துக்கும் இயலாத காரியமாதலால், ஆய்வு என்பது புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டோடு பெரும்பாலும் முடிந்துபோனது. அந்த அறிக்கையில் கையொப்பமிடும் ஒப்பந்ததாரருக்கும், வேலை செய்யும் மின்கம்பியாளருக்கும், மேற்பார்வையாளருக்கும் சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம் தகுதிச் சான்று அளிக்கிறது. உரிமம் இல்லாதவர் வீட்டு வயரிங்கில் சேர்ப்போ மாற்றமோ செய்யக்கூடாது என்றது 1956 விதிகளின் 45-ஆம் விதி. பிற்காலத்தில் மாடியும் கழிப்பறை ஹீட்டரும் போர் மோட்டாரும் சேர்ந்தபோது அந்த விதி எத்தனை வீடுகளில் நினைவுக்கு வந்தது என்பது வேறு கதை. குறை கண்ட லைன்மேன் காகிதத்தை நீட்டுவதைவிட, “நியூட்ரல் சரியில்லை, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க” என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவதே வழக்கமாயிற்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீட்டுக்காரரின் சொந்தக் கம்பத்திலும் மேல்வயரிலும் குறை கண்டால் மின்பகிர்வு நிறுவனம் முறையான குறை அறிவிப்பு அனுப்புவதும், உரிய தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டே அதைச் சீர்செய்ய வேண்டியிருப்பதும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கவை.

காலந்தோறும் குறைகளின் முகமும் மாறியது. பழைய வீடுகளில் மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிக்கும் அது திரும்பும் நியூட்ரல் கம்பிக்கும் தனித்தனியே ஃபியூஸ் வைக்கும் பழக்கம் இருந்தது. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் உருகினால் விளக்குகள் அணைந்து வீடு முழுதும் மின்சாரம் அற்றதுபோல் தோன்றும்; ஃபேஸ் கம்பியோ உயிரோடு இருக்கும். அதை நம்பி ஹோல்டரைக் கழற்றுபவர் அடி வாங்குவார். நிலத்தோடு இணைந்த நியூட்ரலில் ஃபியூஸோ தனிச் சுவிட்சோ வைக்கக்கூடாது என்று 1956 விதிகள் தடுத்ததற்கு இதுவே காரணம். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று உருகுகம்பிக்குப் பதிலாகத் தாமிர வயரின் இழைகளை முறுக்கி வைப்பது, செம்பு அருகிய காலத்தில் புகுந்த அலுமினிய வயரின் இணைப்புகள் தளர்ந்து சூடேறிக் கருகுவது, சுவருக்குள் புதைத்த குழாயில் மழைநீர் இறங்குவது ஆகியவை அடுத்தடுத்த தலைமுறைகளின் குறைகள்.

இவை எல்லாவற்றையும்விட இவ்வட்டாரத்துக்கே உரிய சிக்கல் எர்த் எனப்படும் நில இணைப்பில் இருந்தது. கருவியின் உலோக உடலை நிலத்தோடு இணைத்து, கசியும் மின்சாரம் மனித உடலுக்குள் புகாமல் நிலத்துக்குப் போகச் செய்வதே எர்த். அதற்காகக் குழி தோண்டி, குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிவருவார்கள். ஆனால் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறை சார்னோக்கைட். மின்சாரத்துக்கு இடந்தராத இறுகிய கல் அது. மேல்மண் மெல்லிதாக இருக்கும் மேட்டுத் தெருக்களில் எர்த் குழி வறண்டால் அதன் தடை எளிதில் 20 ஓமைத் தாண்டிவிடும். 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் 11.5 ஆம்பியர் மட்டுமே கிடைக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு உருகாது. எர்த் முறைப்படி போடப்பட்டிருந்தும், பழுதான மோட்டாரின் உடல் மின்னேறிய நிலையிலேயே தொட வருபவருக்காகக் காத்திருக்கும். சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளை ஒட்டிய தாழ்நிலத்தில் நிலைமை தலைகீழ்: ஈர மண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெள்ளம் வந்தால் மீட்டர் பலகையே நீருக்குள் போகும்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும், ஆபத்தைத் தவிர்க்க மின்சாரத்தை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. நீர் வடிந்த பின் தெருவுக்கு மின்சாரம் திரும்புவதும் வீட்டுக்குள் அது பாதுகாப்பாகத் திரும்புவதும் வெவ்வேறு. கம்பம் முதல் மீட்டர் வரை மின்வாரியம் பார்த்துக்கொள்ளும். நனைந்த சுவிட்சுப் பெட்டியை உலர்த்தி, மெக்கர் என்னும் கருவியால் 500 வோல்ட்டைச் செலுத்திக் காப்புத்தடையை அளந்து, அது ஒரு மெகோமுக்குக் குறையவில்லை என்று உறுதிசெய்வது வீட்டுக்காரர் அமர்த்தும் ஆளின் பணி.

1910-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும், 1956 விதிகளின் இடத்தை மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் பிடித்தன. அவற்றுக்குப் பதிலாக 2023-இல் புதியவை வந்தன. 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் 48 மணி நேர அறிவிப்பு அப்படியே தொடர்ந்தது. பிற்காலத்தில் வீடுகளில் வந்து சேர்ந்த கூறு, ஆர்.சி.டி. அல்லது இ.எல்.சி.பி. என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் மின்கசிவுத் தடுப்பான். ஃபேஸில் சென்ற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமாக இல்லாமல் வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் அது நொடிப்பொழுதில் இணைப்பை அறுத்துவிடும். 15 ஆம்பியர் ஃபியூஸ் கண்டுகொள்ளாத கசிவை இது கண்டுபிடிப்பதால், பல்லாவரத்துக் கல்மண்ணுக்கு உப்பும் கரியும் தராத பாதுகாப்பை இதுவே தருகிறது.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவானது. நிர்வாகம் ஒன்றானாலும் அதன் எல்லைக்குள் தேக்குப் பலகை மீட்டரும் அடுக்குமாடியின் மீட்டர் அறையும் அருகருகே இருக்கின்றன. பழைய வீடு வாங்குபவர் பத்திரத்தையும் வெள்ளை மீட்டர் அட்டையையும் சரிபார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், உரிமம் பெற்ற மின்கம்பியாளரை அழைத்து எர்த்தின் தடையையும் வயரிங்கின் காப்புத்தடையையும் அளந்து எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. குறை அறிவிப்பு வந்த பிறகு செய்ய வேண்டியதும் இதே வேலைதான், ஆனால் அப்போது கையில் இருப்பது 48 மணி நேரமாக இருக்கலாம்.